கடலில் சிந்தும் எண்ணெயை வார நம் கரைக்கு என்ன வேண்டும்?

கன்னியாகுமரி மாவட்டத்து நீரோடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோது நம் கரைக்குப் பிளாஸ்டிக் குருணை வந்தது. அதற்குப் பதிலாக எண்ணெய் வந்திருந்தால் என்ன செய்திருப்போம்? எண்ணூரில் வாளியால் அள்ளியதைத்தான் பார்த்திருக்கிறோம். கடலிலேயே எண்ணெயை வாரும் திறனைக் கூட்ட என்ன வழி? பெரிய மெஷின் ஒன்றை வாங்கித் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் வைத்தால் போதாதா?"

போதாது, தம்பி. மெஷின் வேண்டும்தான், ஆனால் வரிசையில் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் வரும். எண்ணெய் சிந்திய சில மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்குப் போகக்கூடிய படகுகள் முதலில் வேண்டும். அந்தக் கடல் தெரிந்த ஆட்கள் வேண்டும். வாரியதைக் கொட்டி வைக்க இடம் வேண்டும். படகும் ஆளும் நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை எட்டு ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களை எண்ணெய் வாரும் படையாகப் பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் இன்னும் வரவில்லை.

மெஷினை ஏன் பின்னால் தள்ளுகிறேன் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்ணெய் தண்ணீரில் விழுந்ததும் பரவ ஆரம்பிக்கும். வெயிலில் வானவில் நிறம் காட்டும் அந்தப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்கலாம். அந்தக் கனத்துக்குப் பரவினால் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் உள்ள எண்ணெய் ஏறத்தாழ 50 ஏக்கர் கடலை மூடிவிடும். இப்போது இரண்டு படகுகள் நடுவில் ஒரு மிதவைத் தடுப்பைக் கட்டி இழுத்துப் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பூம் என்று சொல்கிறார்களே, அதுதான். வாய் அகலம் 30 மீட்டர். தண்ணீரோடு ஒப்பிட்டு 0.7 நாட், அதாவது மணிக்குச் சுமார் 1.3 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இழுத்தால் எண்ணெய் தடுப்புக்கு அடியில் புகுந்து வெளியே போய்விடும். அது எந்தக் கம்பெனி தடுப்பாக இருந்தாலும் அப்படித்தான், பௌதிகத்தோடு சண்டை போட முடியாது. அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 10 ஏக்கர் கடலைத்தான் துழாவ முடியும். எண்ணெய் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் நின்றால் அந்த மணி நேரத்தில் கிட்டத்தட்ட 39,000 லிட்டர் வாய்க்குள் வரும். அதே எண்ணெய் வானவில் படலமாகப் பரவிவிட்டால் வெறும் 39 லிட்டர்.

அமெரிக்காவில் 2010-ல் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற கடல் துளையிடும் மேடை வெடித்து 87 நாள் எண்ணெய் கொட்டியது. அதற்குப் பிறகு எக்ஸ் பிரைஸ் அறக்கட்டளை ஒரு போட்டி வைத்தது. முதல் பரிசு 10 லட்சம் டாலர். நிமிடத்துக்கு 2,500 கேலன், அதாவது 9,500 லிட்டர் அளவுக்கு எண்ணெய் வார வேண்டும், வாரியதில் 70 விழுக்காடாவது எண்ணெயாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நியூஜெர்சியில் ஓம்செட் என்ற இடத்தில் 200 மீட்டர் நீளத் தொட்டி ஒன்று இருக்கிறது, செயற்கை அலை எழுப்பிச் சோதிக்கலாம். 2011-ல் அங்கே நடந்த போட்டியில் எலாஸ்டெக் என்ற நிறுவனத்தின் கருவி நிமிடத்துக்கு 4,670 கேலன் வாரியது. நம் கணக்கில் 17,600 லிட்டருக்கு மேல். வாரியதில் ஏறக்குறைய 90 விழுக்காடு எண்ணெய். அதுவரை சோதனைத் தொட்டியில் கண்ட வேகத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இது.

அந்தக் கருவி உண்மையிலேயே அருமையானது. வரிசையாகத் தட்டுகள், அவற்றின் முகத்தில் வளையம் வளையமாகப் பள்ளம் வெட்டியிருக்கும். பாதி முங்கியபடி தட்டு சுழலும்போது தண்ணீர் வழுக்கி விழுந்துவிடும், எண்ணெய் பள்ளத்தில் பிடித்துக்கொண்டு மேலே ஏறும், மேலே ஒரு வழிப்பான் அதைச் சுரண்டித் தொட்டியில் தள்ளும். பள்ளம் வெட்டியதால் எண்ணெய் ஒட்டும் பரப்பு கூடுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். மணிக்குப் பத்து லட்சம் லிட்டர் வாரும் கருவிக்கு, பரவிப்போன கடலில் 39 லிட்டர்தான் வந்து சேரும். கருவி பசியோடு சுழன்றுகொண்டிருக்கும். டீப்வாட்டர் ஹொரைசனில் கொட்டிய எண்ணெயில் கடல் மேற்பரப்பிலிருந்து வாரி எடுத்தது 3 விழுக்காடுதான் என்று அந்த நாட்டு அரசே கணக்குச் சொன்னது. உலகத்தில் அதிகமான கருவிகள் குவிந்த இடத்திலேயே நிலைமை இது.

அதனால் திறனைக் கூட்டுவது என்றால், எண்ணெய் கனமாக நிற்கும் நேரத்திலேயே, பல இடங்களில் ஒரே சமயம் அதைச் சந்திப்பது என்று புரிந்துகொள்ளுங்கள். ஒரு பெரிய கப்பல் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். இருபது ஜோடிப் படகுகள் இருபது இடத்தில் இருக்கும்.

நேரம் போவதால் இன்னொரு கேடும் உண்டு. கப்பல்கள் எரிக்கும் ஃபர்னஸ் ஆயில் டீசல் மாதிரி ஆவியாகிப் போகாது. அலை அடிக்க அடிக்கத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு பழுப்பு நிறக் களியாக மாறும். களியில் 70 விழுக்காடு தண்ணீரே இருக்கும், ஆக 100 டன் எண்ணெய் முந்நூற்றுச் சொச்சம் டன் களியாகிவிடும். பம்பில் ஏறாது, குழாயில் நகராது. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டியது ஃபர்னஸ் ஆயில்தான். கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்து பார்த்தார்கள், களி ஏறவில்லை. கடைசியில் வாளியும் கையும்தான் என்று ஆனது. அன்றைக்கு அள்ளிய பிள்ளைகளைப் பார்த்து எல்லோரும் பெருமைப்பட்டோம். ஆனால் அந்த எண்ணெய் கரைக்கு வந்திருக்கவே கூடாது. கடலில் முதல் நாளே வார வேண்டியதைக் கரையில் பாறை இடுக்கில் வாரங்கணக்கில் சுரண்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்குள் இறங்கியபோதும் மீனவர்கள் தங்கள் படகிலேயே போய்க் கையால் வாரியதைப் பார்த்தோம். ஏறக்குறைய ஏழு வருடத்தில் கருவி பக்கத்தில் வந்து சேரவில்லை, ஆட்கள் மட்டும் இரண்டு தடவையும் இருந்தார்கள்.

இதை முறையாகச் செய்து காட்டிய இடம் அலாஸ்கா. 1989 மார்ச் 24-ல் எக்ஸான் வால்டிஸ் கப்பல் பாறையில் ஏறி 37,000 டன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. முதல் மூன்று நாள் கடல் அமைதியாகக் கிடந்தது. தடுப்புகளை ஏற்றிப் போக வேண்டிய பார்ஜ் என்ற தட்டைப் படகு பழுது பார்க்க ஒதுக்கப்பட்டிருந்தது. அதைத் தயார் செய்து கொண்டுபோய்ச் சேர்க்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான்காம் நாள் நெருங்கும்போது புயல் வந்து எண்ணெயை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கரைக்குக் கொண்டுபோய் அப்பியது. அதன் பிறகு அங்கே வந்த ஏற்பாட்டில் நான் முக்கியமாக நினைப்பது மீன்பிடிப் படகுகளைச் சேர்த்ததைத்தான். ஏறத்தாழ 400 மீன்பிடிப் படகுகள் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. வருடா வருடம் பயிற்சி உண்டு. பயிற்சி நாளுக்குக் கூலி உண்டு. விபத்து நடந்தால் எந்தப் படகு எந்தத் தடுப்பை எங்கே இழுக்க வேண்டும் என்பது முன்பே தெரியும். செலவு எண்ணெய் நிறுவனங்களுடையது. 72 மணி நேரத்தில் 3 லட்சம் பீப்பாய் எண்ணெயை வாரத் தயாராக இருக்க வேண்டும் என்று அந்த மாநிலம் டேங்கர் நிறுவனங்களுக்கு விதி போட்டிருக்கிறது.

ஸ்பெயின் நாட்டு கலீசியாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2002 நவம்பரில் பிரெஸ்டீஜ் டேங்கர் இரண்டாக உடைந்து மூழ்கியது. 77,000 டன் கனமான எண்ணெய் ஏற்றிய கப்பல். சிப்பி விளையும் தங்கள் கழிமுகங்களுக்குள் களி நுழையாமல் தடுக்க அங்கத்து மீனவர்கள் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. சொந்தப் படகில் போய் வலைக் கரண்டி, கொத்து, கைக்குக் கிடைத்தது எல்லாவற்றையும் வைத்து டன் டன்னாக வாரினார்கள். உடைந்து உடைந்து மிதக்கும் களியைத் தேடிப் பிடிக்கப் பெரிய கப்பலைவிடச் சின்னப் படகு தோது என்பதை அது காட்டியது. அலாஸ்காவில் பயிற்சி, கூலி, கையுறை எல்லாம் முன்பே வந்தன. கலீசியாவில் துணிச்சல் மட்டும்தான் முன்பே இருந்தது. நம்மிடமும் அது இருக்கிறது, மற்றதைச் சேர்க்க வேண்டும்.

நம் நாட்டு ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடலில் எண்ணெய் சிந்தினால் பொறுப்பு கடலோரக் காவல் படைக்கு. அதற்கு 1996-லிருந்தே தேசியத் திட்டம் இருக்கிறது. 700 டன் வரை முதல் நிலை, அந்தத் துறைமுகமோ நிறுவனமோ தானே சமாளிக்க வேண்டும். அதற்கு மேல் 10,000 டன் வரை இரண்டாம் நிலை, அதையும் தாண்டினால் மூன்றாம் நிலை. கரையைச் சுத்தம் செய்வது மாநில அரசின் வேலை. எண்ணெய் எந்தத் திசையில் நகரும் என்பதை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கணினியில் கணித்துத் தருகிறது. இது எல்லாம் நல்ல ஏற்பாடுதான். எல்சா 3-ன்போது காவல் படைக் கப்பல்கள் உடனே வந்தன, 24 மாலுமிகளும் காப்பாற்றப்பட்டார்கள். ஆனால் எண்ணெய் வாருவதற்கென்றே கட்டிய சமுத்ர பிரஹரி கப்பல் மும்பையிலிருந்து வர வேண்டியிருந்தது. மூழ்கிய எல்சா 3 கப்பலில் 84 டன் டீசலும் 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் இருந்தன. நாட்டுத் திட்டப்படி இது முதல் நிலைக்குள் அடங்கும் அளவு. ஆனால் கப்பல் எந்தத் துறைமுக எல்லைக்குள்ளும் இல்லை. கரைக்குப் பெரிய அளவில் எண்ணெய் வராமல் போனது நல்லகாலம்.

இங்கேதான் நம் எல்லைக் கரையின் பிரச்சினை. நீரோடிக்கும் கேரளத்துப் பொழியூருக்கும் நடுவில் ஒரு சின்ன நடை தூரம். ஆனால் மாநிலம் வேறு, கலெக்டர் வேறு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வேறு. கடலோரக் காவல் படையிலும் கேரளம் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட மேற்கு மண்டலத்தில், தமிழ்நாடு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்கு மண்டலத்தில். தமிழ்நாட்டு வழியில் போனால் நமக்குப் பக்கத்துப் பெரிய துறைமுகம் தூத்துக்குடி, நூறு கிலோமீட்டருக்கு மேல். விழிஞ்ஞமோ வண்டியில் ஒரு மணி நேரம். 2025 மே 2-ல் முறைப்படித் திறந்த அந்தத் துறைமுகத்துக்கு உலகத்தின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள் வருகின்றன. சர்வதேசக் கப்பல் பாதை அங்கிருந்து 10 கடல் மைல் அளவில்தான் போகிறது. ஆபத்து எங்கிருந்து வருமோ, உதவியும் அங்கிருந்துதான் சீக்கிரம் வர முடியும். அதனால் விழிஞ்ஞத்தில் உள்ள தடுப்பும் கருவியும் தேங்காப்பட்டணத்துக்கும் வரும், நம் படகுகள் பூவார், பொழியூர் பக்கமும் போகும் என்று இரண்டு மாநிலமும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். விபத்து நடந்த பிறகு கடிதம் எழுதினால் பதில் வருவதற்குள் எண்ணெய் மணக்குடிக்குப் போய்விடும்.

திசையைச் சும்மா சொல்லவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடும். நம் ஆட்கள் நீவாடு என்று சொல்வதை வைத்தே இதை அறிவார்கள். 2025-ல் மே 24-ஆம் தேதியே கேரளத்தில் பருவமழை இறங்கிவிட்டது, மறுநாள் கப்பல் மூழ்கியது. குருணை ஆலப்புழை, கொல்லம், திருவனந்தபுரம் என்று இறங்கிக் குமரிக் கரைக்கு வந்தது. கொச்சிக்கும் நமக்கும் நடுவில் எங்கே எண்ணெய் சிந்தினாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அது நம் பக்கம் வரும் என்றே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த மாதங்களில் கடலில் வார முடியுமா என்றால், பெரும்பாலான நாட்களில் முடியாது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அலை ஒன்றரை மீட்டரைத் தாண்டினாலே தடுப்பின் மேல் எண்ணெய் தெறித்துக் கடந்துவிடும். கச்சான் என்ற மேற்குக் காற்றில் நம் கடல் அதைவிட மோசமாக இருக்கும். 1993 ஜனவரியில் ஷெட்லாண்ட் தீவில் பிரேயர் டேங்கர் உடைந்து 85,000 டன் கொட்டியபோது புயலே அதில் பெரும்பகுதியைத் தண்ணீருக்குள் கலக்கிச் சிதறடித்துவிட்டது. ஆனால் அது லேசான கச்சா எண்ணெய். ஃபர்னஸ் ஆயிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அது களியாகவும் தார் உருண்டையாகவும் கரைக்கு வந்தே தீரும். அதனால் மழைக்கால வேலை இரண்டுதான். ஒன்று, மூழ்கிய கப்பலின் தொட்டியிலிருந்தே எண்ணெயை எடுப்பது. முங்கு ஆட்கள் தொட்டியின் காற்றுக் குழாய்களை அடைத்து, தகட்டில் துளையிட்டு வால்வு பொருத்தி, எண்ணெயைச் சூடாக்கி உறிஞ்சுவார்கள். இது பெரிய நிறுவனங்களின் வேலை, கப்பல் முதலாளி தலையில் கட்ட வேண்டிய செலவு. இரண்டாவது வேலை நம்முடையது. பொழிகளை, அதாவது ஆறும் காயலும் கடலில் சேரும் வாய்களைக் காப்பது.

கடற்கரை மணலில் ஒட்டிய எண்ணெயை எப்படியும் வழித்துவிடலாம். பொழிமுகம் வழியாக ஆற்றுக்குள்ளும் காயலுக்குள்ளும் நுழைந்துவிட்டால் வருடக்கணக்கில் போகாது. மணக்குடிக் காயலில் அலையாத்தி மரங்கள் இருக்கின்றன. அவற்றின் மூச்சு வேரில் எண்ணெய் பூசினால் மரமே செத்துப்போகும். தேங்காப்பட்டணத்தில் குழித்துறையாறு கடலில் சேரும் இடம், பூவாரில் நெய்யாறு சேரும் இடம், இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரே பக்கத்தில் எழுதிய திட்டம் வேண்டும். தடுப்பை எந்தக் கல்லில் கட்டுவது, எத்தனை மீட்டர் வேண்டும், எந்தப் பக்கம் சாய்த்துப் போடுவது என்பது வரை. இதில் பலர் தவறுகிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். ஆற்று வாயில் குறுக்கே நேராகத் தடுப்பைக் கட்டினால் பயனில்லை. நீரோட்டம் ஒன்றரை நாட் என்றால், ஓட்டத்தின் திசையோடு 28 பாகை (டிகிரி) அளவுக்கு மேல் கோணம் வைக்கக் கூடாது. அப்படிச் சாய்த்தால்தான் தடுப்பைக் குறுக்கே தள்ளும் வேகம் 0.7 நாட்டுக்குள் அடங்கும். எண்ணெய் அடியில் புகாமல் தடுப்பை ஒட்டியே நகர்ந்து கரையோரம் ஒரு மூலையில் சேரும். அந்த மூலையில்தான் கருவியையோ பம்பையோ வைக்க வேண்டும். ஓட்டம் 2 நாட் ஆனால் கோணம் 20 பாகைக்கு இறங்க வேண்டும், அப்போது தடுப்பின் நீளம் ஆற்று அகலத்தைப் போல மூன்று மடங்கு தேவைப்படும். 50 மீட்டர் ஆற்றுக்கு 50 மீட்டர் தடுப்பு வாங்கி வைத்தால் ஏமாந்துபோவோம். மழையில் ஆறு புரண்டு ஓடும் நாட்களில் ஆறே எண்ணெயை வெளியே தள்ளும். அப்போது பயம் குறைவு. ஓட்டம் குறைந்து ஏற்றத்தோடு கடல்நீர் உள்ளே வரும் நேரம்தான் ஆபத்து. மணக்குடியில் மணல் திட்டு பொழியை அடைத்துக் கிடக்கும் மாதங்களில், அந்தத் திட்டை உடைக்காமல் வைத்தாலே பெரிய காப்பு.

இந்தக் கோணத்தையும் கயிற்றையும் புத்தகத்தில் படித்துப் போட முடியாது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தவனுக்குத்தான் வரும். கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஆட்கள் கரையில் இருப்பார்கள். பொழியில் தடுப்புப் போடும் பயிற்சிக்கு இதைவிடத் தோதான காலம் இல்லை. கடலில் ஜோடிப் படகு இழுக்கும் பயிற்சியை டிசம்பர், ஜனவரியில் கடல் படிந்திருக்கும்போது வைக்கலாம். தொழிலை விட்டு வருகிறவனுக்கு அன்றைய கூலியும் டீசலும் கொடுக்க வேண்டும். இலவசமாக வா என்று கூப்பிட்டால் முதல் வருடம் வருவான், அடுத்த வருடம் வரமாட்டான். அது நியாயமும் இல்லை. அலாஸ்காவில் போல, இந்தச் செலவைத் துறைமுகமும் கப்பல் நிறுவனங்களும் ஏற்க வேண்டும்.

2017 ஒக்கிப் புயலின்போது எந்தப் படகு எங்கே போயிற்று, யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியலை முதலில் நம் ஊர்களும் தேவாலயப் பங்குகளும்தான் தயாரித்தன. தேடிப் போன படகுகளும் நம்முடையவை. அந்த வயர்லெஸ் தொடர்பும், படகு எண்ணும், ஓட்டுநர் பெயரும் அடங்கிய பட்டியலே இந்த வேலைக்கும் போதும். புதிதாக ஒரு அமைப்பைக் கட்ட வேண்டியதில்லை.

படகைச் சேர்த்தால் மட்டும் வேலை முடியாது. வாரியதை எங்கே வைப்பது? பெரும்பாலான இடங்களில் வேலை நின்றுபோவது இதனால்தான். கருவி நன்றாக வேலை செய்யும், படகில் தொட்டி அரை மணி நேரத்தில் நிரம்பிவிடும், அப்புறம் கரைக்குப் போய் வருவதிலேயே பொழுது போய்விடும். மீன் வைக்கும் அறையில் எண்ணெயைக் கொட்டவே கூடாது, பிறகு அந்தப் படகின் மீனை எவன் ஏலம் எடுப்பான்? படகின் பின்னால் கட்டி இழுக்கும் ரப்பர் பைத் தொட்டிகள் உண்டு, மடித்து வைத்தால் கொஞ்ச இடம்தான் பிடிக்கும். ஒரு ஸ்கிம்மர், அதாவது எண்ணெய் வாரும் கருவி, வாங்கும் காசு இருந்தால், சின்ன ஸ்கிம்மராக வாங்கி மீதிக் காசில் இந்தப் பைகளை வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். கரைக்கு வந்த கழிவைக் கொட்ட, அடியில் தார்ப்பாய் விரித்த குழி எந்த இடத்தில் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எண்ணெய் மணல், எண்ணெய்க் களி, எண்ணெய் பட்ட துணி மூன்றையும் ஒன்றாகக் கலந்தால் பிறகு எதையும் மீட்க முடியாது.

மருந்து தெளித்தால் போகாதா என்று கேட்பார்கள். சிதறடிக்கும் ரசாயனம் எண்ணெயை அழிப்பதில்லை, சின்னச் சின்னத் துளியாக்கித் தண்ணீருக்குள் இறக்கிவிடும். ஆழக்கடலில், புதிதாகச் சிந்திய லேசான எண்ணெயில் அது பயன்படும். களியான ஃபர்னஸ் ஆயிலில் அநேகமாகப் பிடிக்காது. நம் கரையோரம் சாளையும் நெத்திலியும் குஞ்சு பொரிக்கும் ஆழம் குறைந்த கடலில் அதைத் தெளிக்க விடக் கூடாது. கடலோரக் காவல் படையின் அனுமதி இல்லாமல் யாரும் தெளிக்கவும் கூடாது. 1967-ல் இங்கிலாந்தில் டோரி கேன்யன் டேங்கர் விபத்தில் தெளித்த சோப்பு ரசாயனம் எண்ணெயைவிட அதிகமாகக் கரையோர உயிர்களைக் கொன்றது. இப்போதுள்ளவை அத்தனை விஷம் இல்லை என்றாலும் ஆழம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உறிஞ்சும் பொருளைப் பொறுத்தவரை, நம் இலவம் பஞ்சு தண்ணீரை ஒட்டவிடாமல் எண்ணெயை மட்டும் பிடிக்கும் குணம் உள்ளது. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நம்மவர் சேஷாத்ரி ராம்குமார் குழு, விலை போகாத மட்டமான பருத்தியே தன் எடையைப் போல 30 மடங்குக்கு மேல் கச்சா எண்ணெயைப் பிடிக்கும் என்று காட்டியிருக்கிறது. மொரீஷியஸில் 2020-ல் வகாஷியோ கப்பல் விபத்தின்போது மக்கள் கரும்புத் தோகையைத் துணிப்பையில் அடைத்துத் தாங்களே தடுப்புச் செய்தார்கள். காயலுக்குள் நுழைந்த மெல்லிய படலத்தைத் துடைக்க இவை உதவும். கடலில் நிற்கும் கனமான எண்ணெய்க்கு இவற்றை நம்ப வேண்டாம். கழிவின் எடைதான் கூடும்.

ஒன்றில் மட்டும் யாரும் அசட்டையாக இருக்கக் கூடாது. புதிதாகச் சிந்திய எண்ணெயிலிருந்து முதல் சில மணி நேரம் பென்சீன் போன்ற ஆவி கிளம்பும். மூச்சில் போனால் தலை சுற்றும், நாள்பட்டால் புற்றுநோய் வரை கொண்டுவிடும். கேஸ் மீட்டர் இல்லாமல் முதல் படகு போகக் கூடாது, காற்று வரும் பக்கத்திலிருந்துதான் நெருங்க வேண்டும். கையுறையும் பூட்ஸும் முகக்கவசமும் இல்லாமல் ஒரு ஆளையும் இறக்காதீர்கள். பிள்ளைகளை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். படகு என்ஜினைக் குளிர்விக்க எடுக்கும் கடல்நீரில் எண்ணெய் நுழைந்தால் என்ஜின் போகும். அந்த நஷ்டத்துக்கும் ஒப்பந்தத்தில் இடம் வேண்டும்.

நஷ்டஈடு பற்றியும் கேட்பீர்கள். டேங்கர் கப்பல் என்றால் அதற்கென்று சர்வதேச நிதி இருக்கிறது. எல்சா 3 போன்ற சரக்குப் பெட்டிக் கப்பலின் எரிபொருளுக்கு அந்த நிதி பொருந்தாது. கப்பல் முதலாளியின் காப்பீட்டிலிருந்துதான் வாங்க வேண்டும். கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது, அந்த வழக்கில் அதே குழுமத்தின் இன்னொரு கப்பலை விழிஞ்ஞத்தில் தடுத்து வைத்தார்கள். கப்பல் தரப்பு ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆதாரம் கேட்கும். விபத்துக்கு முந்தைய மாதங்களில் எவ்வளவு மீன் கிடைத்தது என்பதற்கு ஏலக்கூடத்துச் சீட்டு, டீசல் பில் இல்லாதவனுக்குக் கையில் ஒன்றும் வராது. இன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

கடலில் எண்ணெயைப் பார்த்தால் 1554 எண்ணுக்குக் கூப்பிட்டுக் கடலோரக் காவல் படைக்குச் சொல்ல வேண்டும். ஜி.பி.எஸ். எண், நேரம், படலத்தின் நிறம், எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் நகர்கிறது, இவ்வளவும் சொன்னால் அவர்களுக்குப் போதும். வெள்ளியாகவோ வானவில்லாகவோ தெரிந்தால் மெல்லியது, கறுப்பாகவோ பழுப்பாகவோ நின்றால் கனமானது, படகுகள் போக வேண்டியது அந்த இடத்துக்கு. முடிந்தால் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எண்ணெயைப் பிடித்து, தேதியும் இடமும் எழுதி ஒட்டி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு நிழலில், முடிந்தால் ஐஸ் பெட்டியில் வையுங்கள். எந்தக் கப்பலின் எண்ணெய் என்று ஆய்வகத்தில் ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள்.